காமிரா யாருக்குச் சாட்சி?

பெங்களூரில் இன்று வேலை செய்யும் இடத்தில் கடிகாரம் இருக்கிறதோ இல்லையோ, காமிரா இருக்கிறது. ஓட்டலில் கல்லாவுக்கு மேலே ஒன்று, சமையற்கட்டில் ஒன்று. பீன்யா பட்டறைகளில் வாசலில் ஒன்று, மிஷின்களுக்கு மேலே இரண்டு. தையல் ஆலைகளில் லைனுக்கு லைன். ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிறவர் தலைக்கு மேலே. கணக்கு எழுதும் குமாஸ்தாவின் முதுகுக்குப் பின்னாலும் ஒன்று. முதலாளி கடைக்கு வர வேண்டியதில்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் பார்த்து, "நாலாம் நம்பர் மேஜையில் ஏன் ஆள் இல்லை?" என்று கேட்டுவிடலாம்.

காமிராவே கூடாது என்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. மக்கள் கூடும் நிறுவனங்களில் காமிரா வைக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2017-ம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கேள்வி வேறு. அந்தக் காமிரா எதற்காக வைக்கப்பட்டது? அதில் விழும் படத்தை யார் பார்க்கிறார்கள்? தொழிலாளிக்கு அந்தப் படம் தேவைப்படும் நாளில் அவருக்கு அது கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் மாட்டப்படும் காமிரா, பாதுகாப்புச் சாதனம் அல்ல. ஒரு தரப்பின் ஆயுதம்.

முதலாளியின் நியாயம்

முதலாளிகள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கல்லாவில் பணம் குறைந்தால் யாரைக் கேட்பது? கிடங்கில் சரக்கு மறைந்தால் எங்கே தேடுவது? இரவில் பட்டறையில் தீப்பிடித்தால் முதலில் காட்டிக் கொடுப்பது காமிராதான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து சிப்பந்தியை அடித்துவிட்டு, "அவன்தான் முதலில் கை நீட்டினான்" என்று சொன்னால், உண்மையைச் சொல்ல வேறு சாட்சி கிடையாது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்குத் தலைக்கு மேலே ஒரு காமிரா இருப்பது தைரியம்தான்.

ஆகவே காமிராவால் தொழிலாளிக்கும் நன்மை உண்டு. அந்த நன்மை அவருக்கு வந்து சேருகிறதா என்பதுதான் விவகாரம்.

திருட்டில் தொடங்கி

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். திருட்டைத் தடுக்க என்று சொல்லிக் காமிரா வருகிறது. முதல் மாதம் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாம் மாதம், டீ குடிக்கப் போனவர் பத்து நிமிஷத்தில் வந்தாரா, பதினைந்து நிமிஷத்தில் வந்தாரா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் மாதம், யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். பிறகு, போனஸ் கேட்க நாலு பேர் கூடினால் அந்த நாலு பேரின் முகமும் மேனேஜரின் மேஜையில் இருக்கிறது. திருடன் ஒருவன்கூட அகப்படாமல் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் அனைவரும் அகப்பட்டுவிடுகிறார்கள்.

தையல் ஆலைகளில் மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை முடிக்கவே நெருக்கடி. அதற்கு மேல், பாத்ரூமுக்கு எழுந்து போகிற நேரத்தையும் காமிரா எண்ணுகிறது என்றால், தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. கண்கொத்திப் பாம்பு போல் ஒருவர் எட்டு மணி நேரமும் பின்னால் நின்றால் எந்த மனிதருக்கும் கை ஓடாது. அந்தப் பாம்பைச் சுவரில் மாட்டிவிட்டால் மட்டும் எப்படி ஓடும்?

காமிராவோடு நின்றுவிடவும் இல்லை. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில், இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். குப்பை அள்ளுகிறவர் எந்தத் தெருவில், எத்தனை நிமிஷம் நின்றார் என்பது ஆபீசில் தெரிகிறது. அவருக்குக் கையுறை கிடைத்ததா, காலுக்குப் பூட்ஸ் கிடைத்ததா என்பது மட்டும் எந்தக் கடிகாரத்திலும் தெரிவதில்லை.

தங்க வயலில் நடந்தது

இது புதிய சங்கதி போலத் தோன்றலாம். தமிழ்த் தொழிலாளருக்கு இது பழைய சங்கதி.

கோலார் தங்க வயலில் சுரங்க வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டுச் சென்றவர்கள். பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் எடுத்தவர்களையே தங்கத் திருடர்களாகப் பார்த்த காலம் அது. 1930-ம் ஆண்டில், தொழிலாளர்கள் அனைவரும் விரல் ரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. விரல் ரேகை எடுப்பது குற்றவாளிகளை அடையாளம் காணப் போலீசார் கையாண்ட முறை. உழைக்க வந்தவனிடம் அதைக் கேட்டதும் தங்க வயல் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுரங்கங்களில் வேலை நடக்கவில்லை.

அந்தத் தொழிலாளர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஏராளம். அந்தரங்க உரிமை என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், கூலி கொடுப்பதால் மட்டும் ஒருவன் இன்னொருவனைத் திருடன் என்று வைத்து நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2001-ம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மாரிக்குப்பத்திலும் பங்காரப்பேட்டையிலும் விடியற்காலை ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தினமும் காலையில் விரலை ஒரு மிஷினில் வைத்து வருகை பதிவு செய்துவிட்டு, காமிராவுக்குக் கீழே போய் உட்காருகிறார்கள். தாத்தா வேலை நிறுத்தம் செய்த காரியத்தைப் பேரன் ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிறான். காலம் மாறிவிட்டது என்பது உண்மை. கேட்கும் பழக்கமும் போய்விட வேண்டுமா?

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் சொகுசு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது சட்டப்படி தவறு.

1962-ல் கரக் சிங் வழக்கில், போலீசார் நள்ளிரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவருடைய கருத்து வெற்றி பெற 55 ஆண்டுகள் ஆயின.

அந்த வெற்றிக்குக் காரணமாக இருந்தவர் கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012-ல், ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் எழுந்த கேள்விக்கு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையிலும் சுதந்திரத்திலும் அடங்கியது என்பதே அந்தப் பதில். அதில் அரசாங்கம் தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்கு மீறிய தலையீடாக இருக்கக் கூடாது. புட்டசாமி 2024-ல் தமது 98-வது வயதில் பெங்களூரில் காலமானார்.

இந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் ஆலையில் வேலை செய்கிறவர், அடிப்படை உரிமையைக் காட்டி முதலாளியை நேராகக் கோர்ட்டுக்கு இழுப்பது சுலபமல்ல. அவருக்குத் தனிச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் வந்தது. வந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை

2023 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான பொறுப்புகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஒருவருடைய விவரத்தை வாங்க வேண்டுமானால் அவருடைய சம்மதம் வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் பொது விதி. எதற்காக வாங்குகிறோம் என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி செய்து தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று.

நல்ல ஏற்பாடு. ஆனால் இதே சட்டத்தின் 7-வது பிரிவு சில காரியங்களுக்குச் சம்மதமே தேவையில்லை என்கிறது. அவற்றில் ஒன்று வேலை சம்பந்தப்பட்ட காரியம்; முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பாற்றும் காரியமும் அதில் சேரும். தன்னைப் பற்றி என்ன விவரம் இருக்கிறது என்று கேட்டு வாங்கும் உரிமையைத் தருவது 11-வது பிரிவு. அந்த உரிமையோ சம்மதம் கொடுத்தவர்களுக்குத்தான். தொழிலாளியிடம் சம்மதம் கேட்கவே இல்லை. ஆகவே பார்க்கும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். செல்போனில் வளையல் வாங்குகிற பெண், தன் பெயரையும் விலாசத்தையும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தமிழிலேயே தெரிந்துகொள்ளலாம். அதே பெண் தையல் ஆலையில் நாள் முழுவதும் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அவள் கேட்க முடியாது. பிரிட்டனில் வேலை செய்கிறவர், தன்னைப் படம் பிடித்த காமிராப் பதிவின் நகலை எழுதிக் கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இங்கே அவர் கெஞ்சித்தான் கேட்க வேண்டும்.

'வேலிக்கு ஓணான் சாட்சி' என்பார்கள். காமிராவின் சாட்சியமும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. தொழிலாளி தாமதமாக வந்தால் படம் இருக்கிறது. சூபர்வைசர் அவரைத் தள்ளிவிட்டால் அன்றைக்குக் காமிரா ரிப்பேர். கூடுதல் நேரம் வேலை செய்த இரவுக்கு ஓவர்டைம் கேட்டால், பதிவு அழிந்துவிட்டது. ஒரே பக்கத்துக்குப் பேசும் சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஆபீஸ் விசாரணைகளில் மட்டும் ஏற்கிறார்கள்.

போலீஸ் நிலையமும் ரெயில் என்ஜினும்

பலமில்லாதவன் பக்கம் காமிராவை நிறுத்த முடியாதா? முடியும். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைத்தான் செய்தது. நாட்டிலுள்ள எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வைக்க வேண்டும். லாக்கப் உட்பட எந்த இடமும் விடுபடக் கூடாது. பேச்சும் பதிவாக வேண்டும். பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காமிரா இருக்கிறது என்பதை ஆங்கிலம், இந்தி, அந்தந்த ஊர் மொழி ஆகியவற்றில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. லாக்கப்பில் அடைபட்டவன் அடிபடாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அங்கே காமிரா அதிகாரம் உள்ளவனைப் பார்க்கிறது.

ரெயில்வேயை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில், 74,000 பெட்டிகளிலும் 15,000 என்ஜின்களிலும் காமிரா பொருத்தப்படும் என்று ரெயில்வே அமைச்சகம் அறிவித்தது. பயணிகளின் அந்தரங்கம் கெடாமல், பெட்டிகளில் கதவுக்கு அருகே, எல்லாரும் நடமாடும் இடத்தில் மட்டும் காமிரா இருக்கும் என்றும் கூறியது. சரியான முடிவு. என்ஜினில் டிரைவர் அறைக்கு ஒரு காமிரா, பேச்சைப் பதிவு செய்ய இரண்டு மைக்குகள். பயணி சில மணி நேரம் இருந்துவிட்டு இறங்கிப் போகிறவர். டிரைவருக்கோ அந்த அறைதான் வேலைத்தலம், அதுதான் சாப்பிடும் இடமும். கழிப்பறை வைத்த முதல் என்ஜினே 2016-ல்தான் ஓடத் தொடங்கியது.

விபத்து நடந்தால் டிரைவர் சிக்னலைக் கவனித்தாரா என்று அறியப் பதிவு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. சிக்னல் கோளாறாக இருந்தால் டிரைவரைக் காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான். ஆனால் பதிவை விபத்துக்குப் பிறகுதான் எடுத்துப் பார்ப்பார்களா, அல்லது தினமும் போட்டுப் பார்த்து, யார் கொட்டாவி விட்டார், யார் அதிகாரியைக் குறை சொன்னார் என்று குறித்து வைப்பார்களா? பயணிக்கு உறுதி சொன்னதுபோல் டிரைவருக்கும் இதில் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும்.

படம் பிடிப்பது வேறு, பேச்சைப் பிடிப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். கடையிலோ ஆபீசிலோ திருட்டைத் தடுக்க மைக் தேவையில்லை. அங்கே மைக் வைக்கிறவர் சரக்கைக் காப்பாற்றவில்லை. மனிதர்களின் பேச்சை ஒட்டுக் கேட்கிறார்.

ஸ்பெயின் நாட்டு வழக்கு

எல்லா வழக்கும் தொழிலாளி பக்கமே முடியும் என்று எண்ண வேண்டாம். ஸ்பெயினில் 2009-ல் ஒரு பெரிய கடையில் சரக்குக் கணக்கு மாதாமாதம் உதைத்தது. நிர்வாகம் தெரியும்படி சில காமிராக்களையும், தெரியாமல் சில காமிராக்களையும் வைத்தது. தெரிந்த காமிராக்களைப் பற்றித்தான் சிப்பந்திகளுக்குச் சொன்னது. மறைந்திருந்த காமிராவில் சிலர் அகப்பட்டு வேலை இழந்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரை போனது. 2019-ல் பெரிய பெஞ்சு, சிப்பந்திகளின் அந்தரங்க உரிமை மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

ஏன்? திருட்டு நடக்கிறது என்று சந்தேகிக்கப் பலமான காரணம் இருந்தது. பத்து நாள்தான் படம் பிடித்தார்கள். கல்லாப் பக்கத்தை மட்டும் பிடித்தார்கள். சிலர் மட்டுமே பார்த்தார்கள். வேறு காரியத்துக்கு அந்தப் படம் பயன்படவில்லை. இந்த ஐந்து காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, பெங்களூரில் ஏதாவது ஒரு கம்பெனியின் காமிராவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாளிக்குச் சாதகமான தீர்ப்பே வைக்கும் அளவுகோலில் எத்தனை கம்பெனிகள் தேறும்?

கேட்க வேண்டியவை

தொழிலாளிகளும் அவர்களுடைய சங்கங்களும் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சொல்லி வையுங்கள். காமிரா எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதை ஆலை வாசலில் எழுதிப் போட வேண்டும். கன்னடத்தில் போடுவது முறை. அங்கே வேலை செய்கிறவர்கள் தமிழரும் தெலுங்கரும் ஒடியாக்காரரும் என்றால் அவர்கள் மொழியிலும் போட வேண்டும். லாக்கப்பில் இருப்பவனுக்குத் தரும் மரியாதையை லைனில் இருப்பவருக்கும் தரலாம்.

இரண்டாவது, சொன்னதற்கு மட்டும் பாருங்கள். திருட்டுக்கு வைத்த காமிராவைக் கொண்டு டீ நேரத்தை எண்ணிச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அப்படிச் செய்வது புதிய ஒழுங்கு விதியைக் கொண்டு வருவதற்குச் சமம் என்று சங்கங்கள் வாதாட இடமிருக்கிறது. புதிய ஒழுங்கு விதிக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் முன்னறிவிப்பு முறை தொடர்கிறது.

மூன்றாவது, எங்களுக்கும் காட்டுங்கள். காமிராப் பதிவை வைத்து ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், அந்தப் பதிவை முழுமையாக அவருக்குக் காட்ட வேண்டும். தன் பக்கத்தை நிரூபிக்க அவர் ஒரு நாளின் பதிவைக் கேட்டால், அதை அழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு 2023-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 11-வது பிரிவின் உரிமையை வேலை செய்கிறவர்களுக்கும் தர வேண்டும். பெங்களூரின் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் பேச இது தகுந்த விஷயம்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, பேச்சுக்கு இடமில்லாத ஒன்று உண்டு. கழிப்பறையிலும் உடை மாற்றும் அறையிலும் காமிரா வைப்பது கிரிமினல் குற்றம். அங்கே பெண்ணைப் படம் பிடித்தால், பாரதீய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆணோ பெண்ணோ, யாருடைய அந்தரங்க உறுப்பைப் படம் பிடித்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவும் தண்டிக்கிறது. இதற்கு மேனேஜரிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை; போலீசுக்குப் போகலாம்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. வேலை கொடுத்தவரைக் கேள்வி கேட்டால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம். தனியாகக் கேட்டால் அந்தப் பயம் நியாயமானதே. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, "இந்தக் காமிரா எதற்காக?" என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் அது சண்டை ஆகாது. நேர்மையான முதலாளி அதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார். பதில் எழுதத் தயங்குகிறவரைத்தான் காமிரா வைத்துக் கவனிக்க வேண்டும்.